கொடிமலை ஏற டைட்டானியம் வேண்டுமா? மலைச் சைக்கிள் கேசட்டுகள் ஓர் ஒப்பீடு

கேசட் என்பது சைக்கிளின் பின்சக்கரத்தில் அடுக்காக இருக்கும் கியர்ப் பற்சக்கரங்களின் தொகுப்பு. 'டைட்டானியம் கேசட்' என்று சொல்லி விற்கப்படுகிறவற்றில் முழுவதும் டைட்டானியத்தால் ஆனவை அபூர்வம். பேர் பெற்ற ஷிமானோ நிறுவனத்தின் எக்ஸ்டிஆர் எம்9100 கேசட்டையே எடுத்துக்கொள்வோம். 10 பல்லில் தொடங்கி 51 பல் வரை பன்னிரண்டு பற்சக்கரங்கள். சிறியவை நான்கும் எஃகு, நடுவிலுள்ள ஐந்தும் டைட்டானியம், பெரியவை மூன்றும் அலுமினியம். அந்த மூன்று எவை என்றால் 39, 45, 51. பினாங்கில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர் காசை எண்ணி வைப்பதற்கு முன்னால் இந்த ஒரு விவரத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஏற்றங்களில் நாம் குடியிருப்பதே அந்த மூன்று சக்கரங்களில்தான்.

தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப் போனால் தாவரவியல் பூங்கா வாசல். அங்கிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏறும் ஜீப் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அதற்குள் 700 மீட்டர் அளவுக்கு உயரம் கூடுகிறது. சராசரிச் சரிவே 14 விழுக்காடு. சில வளைவுகளில் 20ஐத் தாண்டும். 29 அங்குலச் சக்கரம், முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்று வைத்துக்கொண்டு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், நிமிடத்துக்குக் கால் 58 சுற்றுதான் சுற்றும். 45க்கு இறக்கினால் அது 51 சுற்றாகிவிடும். முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். பாலேக் பூலாவ் டுரியான் தோட்டங்களுக்குள் போகும் சிமெண்டுப் பாதைகளும் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலையும் நீளத்தில் குறைந்தவை, குணத்தில் ஒன்றுதான். ஆகவே எக்ஸ்டிஆர் வாங்கி ஜீப் பாதையில் ஏறுகிறவர் டைட்டானியத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, மேலே போகும்வரை அலுமினியத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து டைட்டானியச் சக்கரங்களும் பக்கத்தில் சும்மா சுற்றுகின்றன.

இதைச் சொன்னதும் எக்ஸ்டிஆர் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் எடை 367 கிராம். அதே நிறுவனத்தின், அதே அளவிலான எக்ஸ்டி எம்8100 சுமார் 470 கிராம், எஸ்எல்எக்ஸ் 534, டியோர் 593. நான்குமே ஒரே வகைப் பற்கள், ஒரே இடைவெளி, ஒரே சங்கிலி. ஹைப்பர்கிளைடு பிளஸ் என்ற பல் வடிவமைப்பு நான்கிலும் உண்டு. மிதித்துக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்றினாலும் சங்கிலி முரண்டு பிடிக்காமல் ஏறி இறங்கும். கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டச் சொன்னால் எக்ஸ்டிஆருக்கும் எஸ்எல்எக்ஸுக்கும் கியர் மாறும் விதத்தில் வேறுபாடு கண்டுபிடிப்பவர்கள் குறைவு. வேறுபாடு முழுவதும் உலோகத்திலும் எடையிலும் விலையிலும் இருக்கிறது. எக்ஸ்டிஆரின் விலை எக்ஸ்டியைப் போல இரு மடங்குக்கு மேல்.

அந்த உலோகக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குத் தோராயமாக 7.8 கிராம், டைட்டானியம் 4.5, சைக்கிள் பாகங்களுக்குப் பயன்படும் கடின அலுமினியம் 2.8. ஒரு பற்சக்கரம் எஃகில் 100 கிராம் என்றால், அதே வடிவத்தை டைட்டானியத்தில் வெட்டினால் 58 கிராம், அலுமினியத்தில் 36 கிராம். எடை ஒன்றே குறிக்கோள் என்றால் எல்லாவற்றையும் அலுமினியத்தில் செய்துவிடலாமே? செய்தவர்களும் உண்டு. ஆனால் அலுமினியப் பல் மிக வேகமாகத் தேயும். எஃகுதான் நீண்ட நாள் உழைக்கும். டைட்டானியம் இரண்டுக்கும் நடுவில். அது துருப்பிடிக்காது, வலிமைக்கும் குறைவில்லை. இருந்தாலும் பதப்படுத்திய எஃகின் மேற்பரப்புக் கடினம் அதற்குக் கிடையாது. எண்ணெய் வற்றிப்போனால் உரசும் எஃகோடு ஒட்டிக்கொண்டு பிய்கிற கெட்ட குணமும் அதற்கு உண்டு. 'விமானத்துக்குப் பயன்படும் உலோகம்' என்ற விளம்பர வாசகம் சங்கிலிக்கடியில் அரைபடும் பல்லைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

சிறிய சக்கரங்களை எஃகில் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். 10 பல் சக்கரத்தில் ஒரு நேரத்தில் நான்கைந்து பற்களே சங்கிலியைப் பிடித்திருக்கும். முழு இழுவையும் அந்தச் சில பற்களின் மேல். 51இல் இருபதுக்கும் மேற்பட்ட பற்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் பெரிய சக்கரத்தை அலுமினியத்தில் செய்யத் துணிகிறார்கள். ஐரோப்பாவின் காய்ந்த மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவருக்கு இந்தப் பங்கீடு சரியாகவே இருக்கும். பினாங்குத் தீவின் அடிப்பாறையோ கருங்கல். அது சிதைந்து உண்டாகும் மண்ணில் குவார்ட்ஸ் மணல் நிறைய. அந்த மணல் டைட்டானியத்தை விடக் கடினமானது, அலுமினியத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் மழையில் அந்த மணல் சங்கிலி எண்ணெயோடு சேர்ந்தால், அம்மியில் மிளகாய் அரைப்பதுபோல ஒவ்வொரு மிதிக்கும் பல்லை அரைக்கிறது. நம் ஊரில் கேசட்டின் ஆயுளை முடிவு செய்வது கிலோமீட்டரைக் காட்டிலும் இந்த மணல்தான்.

இப்போது எதிரணிக்கு வருவோம். ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 ஈகிள் கேசட், 10-52 அளவில் 372 கிராம். எக்ஸ்டிஆரை விட ஐந்தே கிராம் கூடுதல். அதில் டைட்டானியமே இல்லை. ஒரே எஃகுக் கட்டியைக் கடைந்து, உள்ளே வெற்றிடமாகக் குடைந்து பதினொரு சக்கரங்களை ஒரே துண்டாக எடுக்கிறார்கள். 52 பல் சக்கரம் மட்டும் அலுமினியம். எடை குறைந்ததற்கு உலோகம் காரணமல்ல, தேவையில்லாத இடத்தில் இரும்பை விட்டுவைக்காத வேலைப்பாடுதான் காரணம். பற்களின் வரிசை 10, 12, 14, 16, 18, 21, 24, 28, 32, 36, 42, 52. ஜீப் பாதையில் சரிவு சற்றுத் தணியும் இடங்களில் 42க்கு வருவீர்கள்; அது எஃகு. எக்ஸ்டிஆரில் அந்த இடத்தில் நிற்பது 39 அல்லது 45, இரண்டும் அலுமினியம். ஒரே எடை, ஒரே ஏற்றம், ஆனால் ஒன்றில் தேய்மானம் எஃகின் மேல் விழுகிறது, மற்றதில் அலுமினியத்தின் மேல். ஏற்றம் அதிகமாக ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு ஐந்து கிராமை விட எவ்வளவோ பெரியது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 42இலிருந்து 52க்குப் பத்துப் பல் தாவல். ஏற்றத்தின் நடுவில் அந்தத் தாவல் காலுக்கு நன்றாகவே தெரியும். ஷிமானோவில் 39, 45, 51 என்று ஆறு ஆறாக ஏறுவதால் மூச்சின் தாளம் கெடுவதில்லை. நீண்ட நேரம் ஒரே சீராக மிதித்து ஏறுகிறவர்கள் இதற்காகவே ஷிமானோவை விடமாட்டார்கள். அந்த விருப்பத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. இன்னொன்று, ஒரே துண்டாக இருக்கும் கேசட்டில் ஒரு சக்கரம் தேய்ந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும்.

எக்ஸ்எக்ஸ்1 விலை கைக்கு எட்டாது என்றால் அதே நிறுவனத்தின் ஜிஎக்ஸ் ஈகிள் 450 கிராமை ஒட்டி வருகிறது. எஃகுத் தகடுகளை ஊசிகளால் பிணைத்த கட்டுமானம், விலை பாதியளவுதான். என்எக்ஸ் 615 கிராம். அதன் நற்குணம் எடையில் இல்லை, பழைய ஃப்ரீஹப்பில் (பின்சக்கரத்தின் நடுவில் கேசட் பொருந்தும் உருளையில்) ஏறும் என்பதில் இருக்கிறது. 2023இல் வந்த டிரான்ஸ்மிஷன் வரிசையின் எக்ஸ்எக்ஸ் எஸ்எல் கேசட் 345 கிராம் என்று சொல்லி ஆசை காட்டும். ஆனால் அதற்குரிய கியர்மாற்றியும் அதைத் தாங்கும் சட்டமும் இல்லாமல் அதைத் தனியாக வாங்கிப் பொருத்த முடியாது. முழு சைக்கிளையே மாற்றப் போகிறவருக்கான பேச்சு அது.

ஃப்ரீஹப் விஷயத்தை ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டிஆர், எக்ஸ்டி, எஸ்எல்எக்ஸ், டியோர் பன்னிரண்டு வேகக் கேசட்டுகளுக்கு 2018இல் வந்த மைக்ரோ ஸ்ப்லைன் உருளை வேண்டும். ஈகிளின் மேல்வரிசைக் கேசட்டுகளுக்கு எக்ஸ்டி (XD) டிரைவர் என்ற உருளை வேண்டும். இந்த எக்ஸ்டிக்கும் ஷிமானோவின் எக்ஸ்டிக்கும் (XT) எந்த உறவும் இல்லை. கடையில் கேட்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள். பழைய எச்ஜி உருளையில் 10 பல் சக்கரம் ஏறாது, 11இல்தான் தொடங்க வேண்டும். உங்கள் பின்சக்கரத்தில் இப்போது எது இருக்கிறது என்று பார்க்காமல் கேசட்டுக்கு விலை பேசுவது வீண். உருளையை மாற்றும் செலவும், உங்கள் ஹப்புக்கு அந்த உருளை கிடைக்கிறதா என்ற தேடலும் சேர்ந்தால் கணக்கே மாறிவிடும். எச்ஜி உருளையோடு இருப்பவர்களுக்கு சன்ரேஸ் போன்ற தைவான் நிறுவனங்களின் 11-50, 11-51 கேசட்டுகள் நியாயமான வழி. எடை கூடுதல்தான், இருந்தாலும் மிச்சப்படும் வெள்ளியில் நல்ல டயர் ஒரு சோடி வாங்கலாம்.

சிறு உற்பத்தியாளர்கள் சிலர் பெரும்பகுதி டைட்டானியத்தால் செய்த கேசட்டுகளை விற்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சங்கிலியை ஏற்றி இறக்கும் சாய்வுகளும் வெட்டுகளும் பெரிய நிறுவனங்களின் பல்லாண்டு உழைப்பு. எடையை மட்டும் பார்த்து வெட்டிய பற்களில் அந்த நுணுக்கம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பந்தய நாளுக்கு மட்டும் பூட்டிக் கழற்றி வைப்பவர் வாங்கலாம். வாரம் தவறாமல் சேற்றில் ஓட்டுகிறவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இணையச் சந்தையில் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தங்க நிறத்தில் மின்னும் கேசட்டைப் பார்த்ததும் டைட்டானியம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தத் தங்க நிறம் பொதுவாக டைட்டானியம் நைட்ரைடு என்ற பூச்சு. உள்ளே இருப்பது எஃகு. பூச்சு கெட்டதல்ல, மேற்பரப்பைக் கடினமாக்கும். ஆனால் எடையைக் குறைக்காது. டைட்டானியத்தின் இயற்கை நிறம் மங்கிய சாம்பல். சந்தேகம் இருந்தால் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு சக்கரமாக வைத்துப் பாருங்கள். எக்ஸ்டிஆர் கேசட்டில் 10, 12, 14, 16 ஆகிய நான்கிலும் காந்தம் 'டக்' என்று பிடிக்கும். 18 தொடங்கி 33 வரை வழுக்கிக்கொண்டு போகும், அதுதான் டைட்டானியம். அதற்கு மேலும் பிடிக்காது, அங்கே அலுமினியம். முழு டைட்டானியம் என்று விற்கப்பட்ட கேசட்டின் 24 பல் சக்கரத்தில் காந்தம் தொங்கினால் திருப்பி அனுப்பிவிடலாம்.

எடையைப் பற்றியே இன்னும் ஒரு கணக்கு. ஓட்டுகிறவர் 70 கிலோ, சைக்கிள் 12 கிலோ, மொத்தம் 82. எக்ஸ்டியிலிருந்து எக்ஸ்டிஆருக்கு மாறினால் குறைவது 103 கிராம். மொத்த எடையில் எண்ணூறில் ஒரு பங்கு. செங்குத்தான ஏற்றத்தில் நேரம் ஏறக்குறைய எடைக்கு ஏற்ப மாறும். கொடிமலைக்கு ஒரு மணி நேரம் எடுக்கிறவருக்கு மிச்சம் நான்கு, ஐந்து விநாடி. டியோரிலிருந்து நேராக எக்ஸ்டிஆருக்குத் தாவினாலும் பத்து விநாடி. ஏறப் புறப்படுமுன் கீழே சாப்பிட்ட இரண்டாவது ரொட்டி சானாயே அந்த 103 கிராமை ஏறக்குறைய ஈடு கட்டிவிடும். கேசட் சக்கரத்தின் நடுவில் இருப்பதால், சுழலும் பாகத்தில் குறையும் எடைக்கு மதிப்பு அதிகம் என்ற வாதமும் நிற்காது. விளிம்பில் குறையும் கிராமுக்குத்தான் அந்த மதிப்பு. டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் திரவத்துக்கு மாறினால் இரண்டு சக்கரத்திலும் சேர்ந்து 200 கிராம் அளவில் குறையும், அதுவும் விளிம்பில், எக்ஸ்டிஆர் விலையின் சிறு பகுதியில். அதைச் செய்யாமல் டைட்டானியம் தேடுகிறவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

இலேசான கேசட்டுக்கு ஒரே ஒரு உண்மையான பயன் இருக்கிறது. முழுச் சஸ்பென்ஷன் சைக்கிளில் பின்சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கும் எடை குறையக் குறைய, அதிர்ச்சித் தாங்கி தன் வேலையை நன்றாகச் செய்யும். வேர்களும் கற்களும் நிறைந்த இறக்கத்தில் இதை உணர முடியும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. 593 கிராமிலிருந்து 367க்கு வந்தால் உணரலாம். 470இலிருந்து 367க்கு வந்ததை உணர்கிறேன் என்பவர்களை நான் மரியாதையோடு சந்தேகிப்பேன்.

ஏற்றம் கடினமாக இருக்கிறது என்பதால் கேசட் மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் முன்பற்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். 32ஐ எடுத்துவிட்டு 28 போட்டால், 28-45 சேர்க்கை பழைய 32-51க்குச் சமம். 51 கைவசம் மிச்சம். அந்த 51இல் மணிக்கு 5 கிலோமீட்டரில் ஏறினால் நிமிடத்துக்குக் கால் 66 சுற்று சுற்றும். செலவு கேசட்டில் ஒரு சிறு பங்கு. இலவசமாக எதுவும் வருவதில்லை என்பதும் உண்மை: சிறிய முன்சக்கரத்தில் அதே மிதிக்குச் சங்கிலியின் இழுவை 14 விழுக்காடு கூடும், தேய்மானமும் சற்றுக் கூடும். மேலே ஏறிவிட்டுத் தார்ச்சாலையில் வேகமாக வீடு திரும்ப நினைத்தால் 28இல் கால் காற்றில் சுற்றும். 30 எனக்குப் பிடித்த நடுவழி.

பட்டர்வொர்த் பக்கம் சைக்கிள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், எந்தக் கேசட் நல்லது என்று யார் கேட்டாலும் முதலில், "தம்பி, சங்கிலியை எப்போது மாற்றினீர்கள்?" என்றுதான் திருப்பிக் கேட்பார். அதில் விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு வேகச் சங்கிலி அரை விழுக்காடு நீண்டதும் மாற்றிவிட வேண்டும். அதற்கான அளவுகோல் சில வெள்ளிதான். நீண்ட சங்கிலியோடு ஓட்டினால் முதலில் பலியாவது அலுமினியப் பற்கள், அடுத்து டைட்டானியம், கடைசியில் எஃகு. கேசட் எக்ஸ்டிஆராக இருந்தாலும் சங்கிலி எஸ்எல்எக்ஸோ டியோரோ போதும். பொருத்தத்தில் சிக்கல் இல்லை. மலிவான சங்கிலியை அடிக்கடி மாற்றுவது விலை உயர்ந்த கேசட்டைக் காப்பாற்றும். கழுவும்போது அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் கார மருந்துகளைத் தெளிக்காதீர்கள். அவற்றில் காஸ்டிக் சோடா இருந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். பத்து ஃபெரிங்கி கடற்கரை ஓரமாக ஓட்டிவிட்டு வருகிறவர்கள் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைப்பது அவசியம். டைட்டானியத்துக்கும் எஃகுக்கும் பக்கத்தில் உப்பு ஈரத்தோடு இருக்கும் அலுமினியம்தான் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போகும்.

ஓட்டம் ஜீப் பாதையும் தோட்டப் பாதையுமாக, மழையென்று பாராமல், வாரம் ஒன்றிரண்டு முறை என்றால், மைக்ரோ ஸ்ப்லைன் வைத்திருப்பவருக்கு எஸ்எல்எக்ஸைத்தான் கைகாட்டுவேன். அதில் 51 ஒன்றுதான் அலுமினியம், 45 எஃகு. எக்ஸ்டியில் 45உம் அலுமினியமாகிவிடுகிறது. 64 கிராம் குறைவதற்காக அதிகம் உழைக்கும் சக்கரத்தைப் பலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டியோர் இன்னும் நீண்ட நாள் உழைக்கும். எல்லாப் பற்களும் எஃகு. ஆனால் முக்கால் கிலோவை நெருங்கும் கேசட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறோமே என்ற எண்ணமே சிலருக்கு முழங்கால் வலியாக மாறிவிடும் என்பதால் வற்புறுத்தமாட்டேன். உண்மையில் அது 600 கிராமைத் தொடவில்லை. மனம்தான் முக்கால் கிலோ என்கிறது.

எக்ஸ்டி (XD) டிரைவர் வைத்திருப்பவர், பணமும் இருக்கிறது, எடையும் குறைய வேண்டும் என்றால் எக்ஸ்எக்ஸ்1க்கு இணை இல்லை. டைட்டானியத்தால் கிடைக்கும் எடைக் குறைவு கிட்டத்தட்ட முழுவதும் கிடைக்கிறது, உழைப்பும் எஃகின் உழைப்பு. எக்ஸ்டிஆர் யாருக்கு என்றால், பந்தயம் ஓட்டுகிறவருக்கும், ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும் காட்டுப்பாதையில் 18 முதல் 33 வரையிலான நடுச் சக்கரங்களிலேயே பெரும்பொழுதைக் கழிப்பவருக்கும். கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் ஓட்டும் நண்பர்கள் பலர் அந்த வகை. அங்கே ஏற்றங்கள் குறுகியவை, கியர் ஓயாமல் மாறும், டைட்டானியச் சக்கரங்களுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. அதே கேசட்டை அவர்கள் பாராட்டுவதும் இங்கே உள்ளவர்கள் குறை சொல்வதும் இதனால்தான்.

பழைய எக்ஸ்டிஆர் ஒன்று பாதி விலையில் விற்பனைக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் நிறைய. விற்கிறவர் அனுப்பும் படத்தில் கேசட் எப்போதும் முன்பக்கமாக, சிறிய சக்கரங்கள் தெரியும்படி இருக்கும். பின்பக்கத்தைக் கேளுங்கள். 51, 45, 39 ஆகிய மூன்றின் பற்களையும் நெருக்கமாக, வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பூச்சு போய் வெள்ளி நிறம் தெரிவது மட்டும் குறையல்ல. பல்லின் ஒரு பக்கம் குழிந்து, நுனி ஒருபுறமாகச் சாய்ந்து கூராகியிருந்தால் அது முடிந்த கேசட். புதுச் சங்கிலி போட்டு ஏற்றத்தில் அழுத்தி மிதித்ததும் தாவும். டைட்டானியச் சக்கரங்கள் புத்தம் புதிதாக இருப்பதை விற்கிறவர் பெருமையாகச் சொல்வார். இருக்கத்தான் செய்யும், அவற்றை யார் ஓட்டினார்கள்? ரிவெட்டுகளில் விரலை வைத்து இரண்டு சக்கரங்களை எதிரெதிராக அசைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் அதையும் செய்யுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஏற்றம் முழுவதும் கிறீச்சிடும். மூன்று பெரிய சக்கரங்களின் படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் விலை பேசவே வேண்டாம்.